இரவுத் துணி நனையக் கூடாது

காங்கயம்

அன்பு அம்மணிக்கு,

மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தில் மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் வெஸ்ட் ஹைலண்ட் வே பாதையில், கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு நடக்கப்போவதாக நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூட்டையை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே ஆள் இல்லையா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஆள் உண்டு, பணம் கட்டினால் அன்றன்றைக்குத் தங்கும் இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், ஆனால் இவள் தானே சுமப்பதாகச் சொல்கிறாள் என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. மறுநாள் காலையில் சென்னிமலைப் பருத்திப் போர்வை ஒன்று கொடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது உனக்கு வராது. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் அந்த நாட்டைப் பார்த்தவன் அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடப்பதும், சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறுவதும், திருப்பூரில் நூலோடும் துணியோடும் கழிந்த காலமும்தான். பழனிப் பாதையில் நடப்பவனுக்கு ஊரே துணை. பந்தலுக்குப் பந்தல் சோறும் சுக்குக் காபியும் கிடைக்கும். துணி மூட்டை டெம்போவில் முன்னே போய்விடும். மழை பிடித்தால் பள்ளிக்கூடத் திண்ணையோ கல்யாண மண்டபமோ இருக்கும். உன் பாதையில் இன்வரோரனிலிருந்து கிங்ஸ்ஹவுஸ் வரை ராணக் மூர் என்ற சதுப்பு வெளியின் ஓரமாக ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தத் தொலைவில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. ஆகையால் நம் பாதயாத்திரைப் பழக்கத்தில் உனக்குப் பாதிதான் உதவும். அந்தப் பாதியை மட்டும் எழுதுகிறேன்.

வானம் ஒரே நாளில் நான்கு விதமாக மாறும் என்பது நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் பிடிபடாது. மேற்கு மலை மழையைத் தடுத்துக்கொள்வதால், காங்கயத்துக்காரனுக்கு ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஐப்பசி என்றால் மழை, மற்றபடி வெயில் என்ற கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆழியாறில் வெயிலில் நின்று பேருந்து ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையில் குடை விரித்து இறங்கியதை நினைத்துப் பார்; அங்கே இடம் மாறியதால் வானம் மாறியது. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் நீ நின்ற இடத்திலேயே நின்றாலும் அட்லாண்டிக் கடலிலிருந்து மேகக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் அங்கே மழை குறைந்த காலம் என்று சொன்னாய். இருக்கட்டும். குறைந்த மழையும் நனைக்கத்தான் செய்யும். வானிலை அறிக்கையைப் பார்த்துப் புறப்படு. ஆனால் அன்று எப்படியும் ஒருமுறை நனைவாய் என்று வைத்துக்கொண்டே மூட்டையைக் கட்டு.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்: நடக்கும்போது நனைவதால் பெரிய கேடில்லை, நின்ற பிறகும் நனைந்தபடி இருப்பதில்தான் கேடு இருக்கிறது. கனத்தைச் சுமந்து ஏறும் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். நின்றவுடன் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது, ஈரம் மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு காற்றும் அடித்தால், பனி உறையாத சாதாரணக் குளிரிலேயே உடம்பு தளர்ந்துவிடும்.

இதை நான் வெள்ளியங்கிரியில் கண்ணால் பார்த்தேன். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டுச் சிலர் ஈர வேட்டியோடே ஏழாவது மலை ஏறுவார்கள். எங்களோடு வந்த பங்காளி வீட்டுப் பையனும் அப்படித்தான் ஏறினான். ஏறும் வரை அவனுக்கு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் முன்னால் போனான். மேலே தரிசன வரிசை நகராமல் நின்றது, விடியலுக்கு முந்தைய காற்று வேறு. முதலில் பல் கிட்டியது. பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கட்டப் பார்த்தான், விரல்கள் முடிச்சைப் பிடிக்கவில்லை. என்னடா என்று கேட்டால் குடித்தவனைப் போல வார்த்தை குழறியது. கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்று, இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றான். கூட வந்த ஒரு பெரியவர் அவனைப் படுக்க விடவில்லை. காற்றுப் படாத பாறை இடுக்குக்கு இழுத்துச் சென்று, ஈர வேட்டியை உருவி எறிந்துவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து, எங்கள் போர்வைகளை அடியிலும் மேலுமாகச் சுற்றினார். ஒருவன் கை காலைத் தேய்க்கப் போனான். தேய்க்காதே, சுற்றி மட்டும் வை என்று தடுத்தார். அவனால் தம்ளரைப் பிடித்து விழுங்க முடிகிறது என்று பார்த்த பிறகே சர்க்கரை தூக்கலாகப் போட்ட சுக்குக் காபியைக் கொடுத்தார். மருத்துவம் படித்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே முறைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கை தடுமாறுவது, கால் இடறுவது, வாய் குழறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவற்றில் எதை உன்னோடு நடக்கும் தோழியிடம் கண்டாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். குளிர் மாறாமல் நடுக்கம் மட்டும் நின்றுபோனால் அது இன்னும் மோசமான அறிகுறி.

ஆகவே உனக்கு இரண்டே ஜோடித் துணி போதும். ஒன்று பகலுக்கு, மற்றது இரவுக்கு. பகல் துணி எவ்வளவு நனைந்தாலும் நனையட்டும். இரவுத் துணி கூடாரத்துக்குள் தவிர வேறெங்கும் உன் உடம்பில் ஏறக் கூடாது. இதில் கடினமான நேரம் காலை ஆறு மணி. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருக்கும், உடம்பில் காய்ந்த துணி இருக்கும், நேற்றைய காலுறை சொதசொதவென்று மூலையில் கிடக்கும். இன்றைக்கு ஒருநாள் இதோடே நடந்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதே. ஈரத் துணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டு. பத்து நிமிடம் நடந்தால் உடம்புச் சூட்டில் அது பொறுக்கும்படியாகிவிடும். இரவுத் துணியை நனைத்துவிட்டால், அன்று இரவு உனக்கு மாற்றுத் துணியே இருக்காது.

அந்த இரண்டு ஜோடியிலும் பருத்தி வேண்டாம். பருத்தியால் சோறு தின்ற குடும்பத்தில் பிறந்தவளுக்கு அப்பனே இப்படி எழுத வேண்டியிருக்கிறது. கம்பெனியில் நூலை எடை போடும்போது பருத்திக்கு ஈர ஏற்பு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். இழைக்குள் அவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளும் குணம்தான் நம் ஊர் வெயிலில் பனியனைச் சுகமாக்குகிறது. அதே குணம் குளிர் நாட்டில் ஈரத்தை விடாமல் உடம்போடு ஒட்டி வைக்கும். சாயப்பட்டறையில் துணியை ஹைட்ரோவில் போட்டுச் சுழற்றிப் பிழிந்து, அதன் பிறகும் டிரையரில் விட்டுத்தான் காய வைக்கிறோம். அங்கே உன் கூடாரத்தில் இரண்டும் இல்லை. பகலுக்குப் பாலியஸ்டர் பனியன் போதும். இரவுக்கு மெரினோ கம்பளி வாங்கிக்கொள். கம்பளி பருத்தியைவிடவும் அதிக ஈரம் வாங்கும். ஆனால் சுருண்ட இழைகளுக்கு நடுவே காற்று தங்குவதால் நனைந்த பிறகும் ஓரளவு சூடு காக்கும். அம்மாவின் போர்வை ஏன் வரவில்லை என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அதன் கனத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மழைச்சட்டை போட்டால் நனைய மாட்டோம் என்று எண்ணிவிடாதே. ஏற்றத்தில் வேர்வை உள்ளேயிருந்து நனைத்துவிடும். புறப்படும்போது சற்றுக் குளிரும்படியே உடுத்து. கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். ஏறும்போது அக்குள் ஜிப்பைத் திறந்து விடு. நின்றால் குளிர் தெரியும் வரை காத்திராமல் நின்ற கையோடு ஒரு மேலாடையைப் போர்த்திக்கொள். மதியச் சாப்பாட்டை நம் ஊர் தென்னந்தோப்பு நிழலில் துண்டை விரித்துப் படுப்பதைப் போல நீட்ட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போ. அங்கே அந்த மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை.

கால்கள் விஷயத்தில் பாதயாத்திரைக்காரர்கள் செய்வதைச் செய்யாதே. கொப்புளம் வந்த பிறகு ஊசியில் நூல் கோத்துக் குத்தி விடுவது நம் வழக்கம். ஈரச் சேற்றில் நடப்பவளுக்கு அது சீழில் கொண்டுபோய் விடும். தோல் சூடாக உறுத்தும்போதே, கூட வருபவர்கள் முணுமுணுத்தாலும் நின்று, துடைத்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டு. லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் ரோவர்டெனனிலிருந்து இன்வரார்னன் வரை உள்ள பகுதியில் வேரும் பாறையுமாக இருக்கும், வேகம் பாதியாகிவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தாராபுரம் ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்த கணக்கை அங்கே போடாதே. அந்தக் கரையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை குறிப்பிட்ட இடங்களில் கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்துவிடு.

கூடாரம் சேர்ந்தவுடன் உட்காராதே. உடம்பில் சூடு மிச்சமிருக்கும்போதே கூடாரத்தை நிறுத்து, ஈரத்தை வாசல் மறைப்பிலேயே களைந்து போடு, துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரவுத் துணியை மாட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பு. அடுப்பை உள்ளே பற்ற வைக்காதே. தீயைவிட அந்தப் புகையில்லாத நச்சுக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மூச்சுக்காற்றின் ஈரம் கூடாரத் துணியில் துளியாகக் கோத்து விழும் என்பதால், குளிர்ந்தாலும் காற்றுவழியைக் கொஞ்சம் திறந்தே வை. காற்றில்லாத சாயங்காலத்தில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்க்குமாம். காற்று லேசாக வீசும் மேட்டில் கூடாரம் போட்டால் தொல்லை குறையும்.

சாப்பாட்டைப் பற்றி உன் அம்மா இரண்டு பக்கம் எழுதச் சொன்னாள், நான் சுருக்கிவிட்டேன். அரிசிம்பருப்புச் சாதம் ஒரே பாத்திரத்தில் ஆகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது வேகும் நேரத்தில் பாதி கேஸ் தீர்ந்துவிடும். அவல் எடுத்துக்கொள், சுடுதண்ணீர் ஊற்றினால் போதும். 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 570 கலோரி இருக்கிறது. அதே எடை அரிசியில் 360 அளவுதான். சுமக்கிறவளுக்கு அந்த வேறுபாடு தோளில் தெரியும். கடலை உருண்டை அனுப்புகிறோம்.

இன்னொன்று. பழனிக்கு நடப்பவன் வேண்டுதல் வைத்து நடக்கிறான். கால் தேய்ந்தாலும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். உனக்கு அப்படி ஒரு நேர்த்திக்கடனும் இல்லை. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் ரயில் கிரியன்லாரிக், டின்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி ஆகிய ஊர்களில் உன் பாதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு தண்டவாளம் கிழக்கே விலகி ராணக் மூரைக் கடந்து போய்விடும். மறுபடி உனக்கு ஸ்டேஷன் கிடைப்பது ஃபோர்ட் வில்லியத்தில்தான். ஆதலால் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியில் நின்று, இரவுத் துணி காய்ந்திருக்கிறதா, தூக்கப்பை காய்ந்திருக்கிறதா, நாளைய காற்று எப்படி என்ற மூன்றையும் பார். ஒன்று சரியில்லை என்றாலும் ஒரு நாள் அறை எடுத்துத் தங்கு, அல்லது ரயில் ஏறு. அறைக் காசை நான் அனுப்புகிறேன்.

கைப்பேசியை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள், குளிரில் பேட்டரி இறங்கிவிடும். 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தியிலும் உதவி கேட்கலாம். ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டுமாம், அதைக் கிளாஸ்கோவிலேயே முடித்துவிடு. விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது அந்த நாட்டில் ஆபத்துக்கான குறி.

டின்ட்ரமிலிருந்தும் கின்லாக்லெவனிலிருந்தும் ஒரு வரி அனுப்பு. சிக்னல் கிடைக்காமல் ஒருநாள் தள்ளிப்போகலாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். பார்சலில் கடலை உருண்டையோடு, ஏற்றுமதிப் பெட்டிக்குள் விரிக்கும் தடித்த பாலித்தீன் பை நான்கு வைத்திருக்கிறேன். முதுகுப்பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்பாதே. முதுகுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கிவிடும். இந்தப் பையை முதுகுப்பைக்குள்ளே விரித்து, தூக்கப்பையையும் இரவுத் துணியையும் அதில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு வாயை முறுக்கி மடித்துக் கட்டு. வந்து சேர்ந்ததும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, நீளம் போதவில்லை என்றால் எழுது. கம்பெனியில் இதைவிடப் பெரிய அளவும் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா