கெட் என்னும் வழுக்குச் சொல்

அன்புள்ள கண்ணு,

"ஹீ காட் ஹிஸ் டேப்லெட்ஸ்" என்று நீ நோயாளியின் குறிப்பில் எழுதிய வரியை வார்டு சிஸ்டர் ஏன் மாற்றச் சொன்னார் என்று கேட்டிருந்தாய். காட் என்பது கெட் (get) என்ற சொல்லின் இறந்த காலம், இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி ஷிப்டுக்கு வருகிற நர்ஸ் அதை மூன்று விதமாகப் படிக்கலாம். ஃபார்மசியிலிருந்து மாத்திரை அவருக்கு வந்து சேர்ந்தது, நீ கையில் கொடுத்தாய், அவர் விழுங்கினார். நீ கொடுத்தது மட்டும்தான் நடந்தது, ஆனால் வருகிறவள் விழுங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறாள் என்று வை. மாத்திரை கட்டில் பக்கத்து மேஜையிலேயே கிடக்கும், ஒரு வேளை மருந்து தவறிப்போகும். அவர் விழுங்கியிருந்தும், மாத்திரை வந்து சேர்ந்தது மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து, மறுபடி கொடுத்துவிடுவாள். நீ இருக்கும் பிரிட்டனில் நர்ஸுகளுக்கான நடத்தை விதியில் 10-வது பிரிவே பதிவுகள் தெளிவாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான். "டேப்லெட்ஸ் கிவன் அட் 18:00, ஸீன் டு ஸ்வாலோ" (மாலை 6 மணிக்குக் கொடுத்தேன், விழுங்கியதைப் பார்த்தேன்) என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கெட் ஏன் இப்படி வழுக்குகிறது? செயலைச் செய்தவர் யார், தானாக வந்து சேர்ந்ததா என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. தமிழ் சொல்லிவிடும். "ஐ காட் எ லெட்டர்", எனக்குக் கடிதம் வந்தது. "ஐ காட் எ ஜாப்", எனக்கு வேலை கிடைத்தது. "ஐ காட் சம் மில்க்", நான் பால் வாங்கினேன். "ஐ காட் எ கோல்ட்", எனக்குச் சளி பிடித்தது. ஆங்கிலத்தில் நாலுக்கும் ஒரே "ஐ காட்". நமக்கோ "எனக்கு" வேறு, "நான்" வேறு. அதனால் குறிப்பு எழுதும்போது மனசுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார். "எனக்கு", "அவருக்கு" என்று வந்து கிடைத்தது, வந்தது என்று முடிந்தால் ரிசீவ். "நான்" என்று வந்து, கேட்டோ முயன்றோ வாங்கியதாக இருந்தால் ஆப்டெய்ன். லேபிலிருந்து ரிசல்ட் வந்தால் ரிசீவ்ட். நோயாளியிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கினால் கன்சென்ட் ஆப்டெய்ன்ட். அங்கே ரிசீவ்ட் போட்டால் நீ விளக்கிச் சொன்னது மறைந்துபோகும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வை. அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்கிறோமே, அந்த "வாங்கு"வில் யாருடைய விருப்பமும் இல்லை. அந்த மாதிரி இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

அக்வயர் என்பது கொஞ்சம் கொஞ்சமாகவோ வெளியிலிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதற்கு. அனுபவத்தில் வரும் திறமை, ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும்போது தொற்றுகிற ஹாஸ்பிட்டல் அக்வயர்ட் இன்ஃபெக்ஷன் இரண்டுக்கும் அதுதான் பொருந்தும். போய் எடுத்து வருவது ஃபெட்ச். குறிப்பில் எழுதும்போது கலெக்டட் என்று போடு.

அடுத்தது "ஆகு" என்ற பொருள். "ஹீ காட் கன்ஃப்யூஸ்ட்" என்று வாயால் சொன்னால் தப்பில்லை. எழுதும்போது பிகேம் என்று மாற்று. மாற்றினால் மட்டும் போதாது, எப்போதிலிருந்து, எந்த அளவுக்கு என்று சேர்க்க வேண்டும். "ஹிஸ் பிரீதிங் காட் வொர்ஸ்" என்றால் டாக்டர் என்ன செய்ய முடியும்? மூச்சு நிமிடத்துக்கு 18-லிருந்து 26 ஆனது, மணி இத்தனை என்று எழுது. நிலைமை மோசமானால் டீடீரியரேட், தேறினால் இம்ப்ரூவ் என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் எண் சொல்வதை அவை சொல்லாது.

ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பதற்கும் கெட் வரும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "ஐ காட் ஹிம் டு டிரிங்க்" என்றால் சொல்லிக்கில்லிச் சம்மதிக்க வைத்தேன் என்று அர்த்தம். "ஐ மேட் ஹிம் டிரிங்க்" என்றால் கட்டாயப்படுத்தினேன். தமிழில் இரண்டுமே "குடிக்க வைத்தேன்" என்பதால் வித்தியாசம் காதில் விழாது. நோயாளி வேண்டாம் என்று மறுத்திருந்தால் மேட் என்ற ஒரு சொல்லே உன்மேல் கேள்வியைக் கொண்டுவரும். "வித் என்கரேஜ்மென்ட்" என்று எழுதுவது நல்லது. இன்னொன்று, கெட்டுக்குப் பின்னால் "டு" வரும், மேக்குக்கும் ஹேவுக்கும் பின்னால் வராது. "மேட் ஹிம் டு சிட்" தப்பு. "ஐ காட் மை ஹேர் கட்" என்றால் வேறொருவர் வெட்டிவிட்டார், நானே வெட்டிக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்வதற்கு "கெட் டு தி வார்டு". ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் "டு" கிடையாது. ரீச்சுக்கு எப்போதுமே கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் "கெட் டௌன்" என்போம். அங்கே பஸ், ரயில் என்றால் "கெட் ஆஃப்", காரென்றால் "கெட் அவுட்".

அந்த "கெட் டௌன்" வேறு இடத்தில் உன் காதில் விழும். வயதானவர் ஒருவர் "இட்ஸ் கெட்டிங் மீ டௌன்" என்றால் மனசு உடைந்துபோகிறது என்கிறார். கட்டிலிலிருந்து இறக்கிவிடச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பேச்சு அது, குறிப்பில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டியதும்கூட. "கெட் ஓவர்" என்றால் மீண்டு வருவது. "கெட் பை" என்றால் இருப்பதைக் கொண்டு சமாளிப்பது. "ஐ கெட் பை" என்று சொல்லுகிறவர் வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரி. "ஹௌ ஆர் யூ கெட்டிங் ஆன்?" என்பது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்ற விசாரிப்பு. ஃபோன் அடிக்கும்போது "ஐல் கெட் இட்" என்றால் நான் எடுக்கிறேன்.

"டிட் யூ கெட் தட்?" என்று யாராவது கேட்டால் உடனே "எஸ்" சொல்லிவிடாதே. காதில் விழுந்ததா, புரிந்ததா என்ற இரண்டும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லிக் காட்டு.

பேச்சில் இந்தச் சொல்லைப் பிடிப்பது முதலில் கஷ்டம்தான். பலர் கடைசி "ட்"டைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுவார்கள். "காட் டு" என்பது "காட்டா" ஆகிவிடும். அழுத்தம் பின்னால் வரும் ஆஃப், அப், ஓவர் மேலே விழும். அதனால் கெட்டைத் தேடாதே, பின்னால் வரும் சொல்லைப் பிடி, பொருள் அதில்தான் இருக்கிறது. "ஐவ் காட் எ பெயின்" என்றால் வலி இருக்கிறது, "ஐவ் காட் டு கோ" என்றால் போயாக வேண்டும். இரண்டிலும் வாங்கியது ஒன்றும் இல்லை.

இந்தச் சொல் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து வீட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. டேக், ஸ்கை, எக் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ரிசீவ், ஆப்டெய்ன், அரைவ் எல்லாம் 1066-க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு செல்வாக்குப் பெற்ற பிரெஞ்சிலிருந்து வந்தவை. அரைவ் என்பதன் மூலப் பொருளே கரை சேர்தல், எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் ஓடிய மொழி என்பதால் அந்தச் சொற்களுக்கு இன்றும் ஒரு விறைப்பு உண்டு. நம்மிடம் "கிடைத்தது", "கிடைக்கப்பெற்றது" இரண்டுக்கும் இருக்கிற தூரம் மாதிரி. அதனால் எழுத்தில் மாற்றுகிறாயே என்று பேச்சிலும் மாற்றாதே. தாகமாக இருக்கிற ஒரு கிழவியிடம் "ஷல் ஐ ஆப்டெய்ன் சம் வாட்டர்?" என்று கேட்டால் அந்நியமாகத் தெரிவாய். "ஷல் ஐ கெட் யூ சம் வாட்டர்?" என்றே கேள்.

அடுத்த கடிதத்தில் ஒரு நாள் குறிப்பை, நோயாளியின் பெயர் ஊர் எதுவும் இல்லாமல், கெட் வரும் வரிகளை மட்டும் எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நீ போட நினைக்கும் சொல்லையும் எழுது, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே.

அன்புடன்,
அப்பா