டப்பாவுக்குள் இருந்த மருந்து

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருநகர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.
பொருள்: கார் ஏசி கேஸ் கிட்டால் ஏற்பட்ட பழுது – பணமும் செலவும் கோருதல்.

ஐயா,

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரம் எங்கள் பழைய காரின் ஏசியில் அனல்தான் வந்தது. நான் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கைவேலைக்குப் பயமில்லை. டப்பா, குழாய், மீட்டர் அடங்கிய உங்கள் ஆர்134ஏ (ஏசியைக் குளிர்விக்கும் கேஸ்) கிட்டை வாங்கி, தாளில் இருந்தபடியே லோ பிரஷர் (அழுத்தம் குறைந்த) பக்கம் மாட்டி ஏற்றினேன். அழுத்தம் கூடிய ஹை பக்கத்து வாயில் உங்கள் கப்ளர் (குழாயின் இணைப்பு முனை) உட்காரவே உட்காராது. அது நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன்.

நாலு நாள் குளிர்ந்தது. பிறகு குளிர்வதும் நிற்பதுமாக இழுத்தது. புதூர் மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே, "அண்ணே, லீக் அடைக்கிற மருந்து கலந்த கேஸா?" என்றார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் டப்பாவை வாங்கி, விலை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். ஸ்டிக்கருக்கு அடியில், மருந்து கலந்தது என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. கேஸை இழுக்கும் தன் மெஷினை மாட்ட மாட்டேன் என்றார். உள்ளே போய் இறுகினால் மெஷினே போய்விடுமாம்.

அந்த மருந்து ஈரம் பட்டால் இறுகும். லீக் ஆகிக் காலியாகக் கிடந்த சிஸ்டத்தில் காற்றும் ஈரமும் இருக்கத்தான் செய்யும். முதலில் வேக்கம் போட்டு, அதாவது பம்ப் வைத்து உறிஞ்சி, அதை இழுத்தாக வேண்டும். உங்கள் தாளோ "வேக்கம் தேவையில்லை" என்கிறது. விளைவு, மருந்து, கேஸ் போகும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைத்துவிட்டது. ஆரம்பத்தில் கேஸ் போனது எங்கே தெரியுமா? கண்டென்சர் பைப்பில் ஒரு ஓ-ரிங், சின்ன ரப்பர் வளையம். டீக்காசுக்கு முடிந்திருக்கும்.

போனில் கேட்டபோது, நான் அனுப்பிய படத்தில் முள் சிவப்பில் நிற்கிறது, கேஸை அதிகமாக ஏற்றியது என் தவறு என்றார்கள். அது இன்ஜின் ஓடாதபோது மதிய வெயிலில் எடுத்த படம். நாற்பது டிகிரியில் ஓடாத சிஸ்டம் சுமார் 130 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும், சரியாக ஏற்றினாலும் அப்படித்தான். கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் பார்க்கவும் என்று தாளில் ஒரு வரி இல்லை. வெயிலுக்கு ஏற்ப அழுத்தம் மாறும்; உங்கள் மீட்டரிலோ கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் ஒரே பச்சைக் கோடு வேறு!

கிட்டின் விலை, வால்வு, டிரையர் (ஈரம் உறிஞ்சும் பாகம்), கழற்றி மாட்டிய கூலி எல்லாவற்றுக்கும் பில் நகல் இணைத்துள்ளேன். அவ்வளவும் வேண்டும். மருந்து கலந்தது என்பதை டப்பாவின் முகப்பில் தமிழில் அச்சிடவும் வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

டப்பாவை எறியவில்லை. உரித்த ஸ்டிக்கரும் அதிலேயே தொங்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்