கசான் ரயிலில் அப்பாவைக் காத்தவர்களுக்கு

பேரன்புக்குரிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

2018 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ரஷ்யா வந்திருந்த ஒரு தந்தையும் மகனும் எழுதும் நன்றி மடல் இது. எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர்க் கடற்கரை. உலகக் கோப்பை வந்துவிட்டால் எங்கள் பக்கத்து மாடிகளில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் ஏறிவிடும். மரடோனா காலத்திலிருந்தே அப்பா அர்ஜென்டினா பக்கம். அந்த அணியை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. ஆட்ட டிக்கெட்டும் ரசிகர் அடையாள அட்டையும் இருந்தால் விசா வேண்டாம், ஆட்டம் நடக்கும் ஊர்களுக்குச் சிறப்பு ரயிலும் இலவசம் என்று ரஷ்யா அறிவித்ததால்தான் எங்களைப் போன்ற மீனவக் குடும்பத்துக்கு இந்தப் பயணம் கைகூடியது.

மாஸ்கோவிலிருந்து கசானுக்குப் போன அந்த ரயிலில், நள்ளிரவு தாண்டி அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது.

பெட்டியைப் பார்த்துக்கொண்ட நடத்துநர் அம்மா, உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெட்டியின் கோடியிலிருந்த வெந்நீர்க் கலனான சமோவாரை நோக்கி ஓடினீர்கள். உலோகப் பிடிக்குள் வைத்த கண்ணாடித் தம்ளரில் தேநீர் எடுத்து, சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டி, ஆற்றி, அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்து மடக்கு மடக்காகப் புகட்டினீர்கள். பெற்ற மகள்கூட அத்தனை பொறுமையாகச் செய்திருப்பாளா என்று அப்பா இன்றும் கேட்கிறார்.

நடத்துநர் அம்மா பக்கத்துப் பெட்டியிலிருந்து அழைத்துவந்த அர்ஜென்டின மருத்துவர் ஐயா, அப்பா கண் விழித்ததும் எனக்கு உயிர் வந்தது. உங்களுக்கு மட்டும் கவலை தீரவில்லை. அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, இதன் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், தூங்கவிடக் கூடாது என்றீர்கள். சொன்னபடியே விடியற்காலையில் மீண்டும் இறங்கியது. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இருவருமே தூங்கியிருப்போம். 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்காகக் கோல் அடித்தவர்களை நீங்கள் கேட்க, பிரவுன், வல்தானோ, புருச்சாகா என்று அப்பா வரிசையாகச் சொல்லச் சொல்ல, விடியும்வரை அவரை விழித்திருக்க வைத்தீர்கள்.

கசான் நடைமேடையில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அங்கே மருத்துவம் படிக்கும் தமிழ்த் தம்பி, ரசிகர்களுக்கு வழிகாட்ட வந்திருந்த நீ, எங்கள் பேச்சைக் கேட்டதும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாய். டிரிப்ஸ் முடியும்வரை கட்டிலை விட்டு நகராமல், மருத்துவர்கள் கேட்டதைத் தமிழிலும் அப்பா சொன்னதை ரஷ்ய மொழியிலும் சொன்னாய். அவசர சிகிச்சைக்கு இங்கே காசு வாங்குவதில்லை என்று என் பர்ஸை மூடவைத்தவனும் நீதான்.

மாலை ஆட்டத்துக்கு மருத்துவர்கள் அனுமதி தந்தார்கள். ஜூன் 30, பிரான்ஸிடம் 4-3 என்று அர்ஜென்டினாவுக்குத் தோல்வி. ஆனால் டி மரியா தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தபோது அப்பா சக்கர நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார். விழுந்துவிடாமல் இரு பக்கமும் பிடித்துக்கொண்ட தன்னார்வலர் பெண்களே, உங்களுக்கும் எங்கள் நன்றி.

தம்பி, இந்த மடலை ரஷ்ய மொழியில் எழுதி நடத்துநர் அம்மாவிடம் சேர்க்கும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது அவசியம் தூத்தூருக்கு வர வேண்டும் என்று அப்பா சொல்கிறார்.