உன் அலுமாரிக்குப் பின்னால் கிடந்த சீடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா மூன்று தரம் தொலைபேசி எடுத்தாளாம். வேலை அதிகமாக இருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். தொண்டை எப்படி இருக்கிறது? கிளாஸ்கோ குளிரில் கழுத்தைத் திறந்துகொண்டு திரியாதே.

உன் அறைக்கு வர்ணம் பூச அலுமாரியை நகர்த்தியபோது ஆங்கிலப் பாடகர் மார்க் ஹொலிஸின் சீடி அகப்பட்டது. போட்டேன், சத்தமே வரவில்லை. பிளேயரும் பழுதா என்று எழும்பிப்போய் பிளக்கில் கை வைத்த நேரம் பியானோ மெதுவாகத் தொடங்கியது. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார் மனிதர்! பிறகு பாடுகிறாரா, தனக்குத்தானே பேசுகிறாரா என்று தெரியவில்லை. நீ அப்படிச் சொல்லை விழுங்காதே. உன் குரல் அம்மம்மாவின் தேவாரக் குரல்.

முதலாம் உலகப் போரில் 20 வயதில் செத்த ஒரு பையனுக்கும் அதில் பாட்டு இருக்கிறது. பெரியப்பாவின் சின்னவனை நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஹொலிஸ் லண்டன் டாட்டனத்தில் பிறந்தவராம், என் பழைய பஸ் ஓடிய பக்கம். டோக் டோக் இசைக்குழுவில் அவ்வளவு பெயர் எடுத்தவர், அது முடிந்த பின் 1998-இல் தன் பெயரிலேயே இந்த ஒன்றை வெளியிட்டார். 2019-இல் சாகும்வரை அடுத்தது வரவில்லை. குழு இல்லாமலும் ஒருவர் பாடலாம். பொதுவாகத்தான் சொல்கிறேன். நீயும் ஒழுங்காக ஒரு வேலையைப் பிடித்திருந்தால் இந்த யோசனையெல்லாம் எனக்கு வந்திருக்காது.

ஊர் ஊராகப் பாடிக்கொண்டு நல்ல தகப்பனாகவும் இருக்கத் தன்னால் முடியாது என்று அவர் சொன்னாராம். நான் ஊர் ஊராகப் போகவில்லை. நீ பள்ளியில் முதன்முதல் மேடையேறிய வெள்ளிக்கிழமை எனக்கு வேலை என்று சொன்னேன் அல்லவா? வேலை இருக்கவில்லை. டிப்போவில் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு பத்து மணிவரை இருந்தேன். கணக்கில் நீ குறைய எடுத்திருந்த தவணை அது. வந்து கைதட்டினால் பாட்டையே பிடித்துக்கொள்வாய் என்று பயம். நீ வீட்டுக்கு வந்து, எவ்வளவு பேர் வந்திருந்தார்கள் என்று எனக்குக் கதை கதையாகச் சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது தெரியாது.

இரவில் மல்லித் தண்ணீர் குடி. தொண்டையைக் கவனி. சீடியைத் தபாலில் அனுப்பமாட்டேன், உடைத்துவிடுவார்கள். வர்ணம் காய்ந்துவிட்டது, கட்டிலையும் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன்.

அப்பா