உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் படுங்கள்: ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகளின் அதிபர்களுக்கும் பிரதமர்களுக்கும்,

வணக்கம். 2001 ஏப்ரலில் அபுஜாவில் கூடி, ஒவ்வொரு நாடும் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் என்று உறுதி கொடுத்ததை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று ஆட்சியில் இருந்தவர்களில் சிலர் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறீர்கள். அந்த 15-ஐத் தொட்ட நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உறுதிமொழி எடுத்த ஊரைத் தலைநகராகக் கொண்ட நைஜீரியாவே 5 விழுக்காட்டைச் சுற்றித்தான் நிற்கிறது.

இப்போது எழுதக் காரணம், நைஜீரியாவின் முன்னாள் அதிபர் முகமது புஹாரி 2025 ஜூலை 13 அன்று லண்டனில், ஒரு மருத்துவமனையில் காலமானது. இறந்தவரைக் குறை சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அவர் குடும்பத்தாருக்கு என் அனுதாபங்கள். ஆனால் அவர் எட்டு ஆண்டுகள் ஆண்ட நாட்டில், கடைசி நேரத்தில் அவர் நம்பிப் படுக்க ஒரு கட்டில் இல்லாமல் போனதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், பெரிய தனியார் மருத்துவமனைகளுக்கு நடந்து போகும் தூரத்தில், நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறை வாடகைக்கு விடுபவன். லாகோஸ், தார் எஸ் சலாம், லுசாகா என்று உங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்து தங்குகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, மருத்துவ விசா, ஒரு பாட்டில் செம்பனை எண்ணெய், இதெல்லாம் கையோடு வரும். உங்கள் ஆஸ்பத்திரிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றனவோ அவ்வளவு நன்றாக என் பிழைப்பு ஓடும். ஆகவே இந்தக் கடிதம் என் தொழிலுக்கு நல்லதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கேட்பது ஒன்றுதான். பதவியில் இருக்கும்வரை அரசுப் பணத்தில் வெளிநாட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் உங்கள் நாட்டு அரசு மருத்துவமனையில் படுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணால். தாய்க்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அவர்கள் ஊரில் கதிர்வீச்சு இயந்திரம் பழுது. 20 கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் மிகச் சிலவே என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழுது பார்ப்பார்கள் பார்ப்பார்கள் என்று காத்திருந்து, நோய் முற்றிய பிறகு, அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று இங்கே வந்தார்கள். முதல் சுற்று சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனார்கள். மீதிப் பணம் அவர்கள் நாட்டு நாணயமான நைராவாக வங்கியில் இருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். அதற்கு முன்பு ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு நோயாளிகளுக்கு இங்கே மருத்துவமனைகள் டாலரில்தான் தொகை சொல்லும். அந்தப் பெண் ஒரு ரூபாய்கூட வீணாக்கவில்லை, ஏமாறவும் இல்லை. விற்ற நிலத்தின் பணம் வங்கியில் இருந்தபடியே மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டாம் முறை வந்தபோது என் அறையில் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிகிச்சையில் எதை விடலாம் என்ற கணக்கு அது. ஸ்கேனை விடலாமா, கடைசி இரண்டு மருந்துச் சுற்றை விடலாமா என்று என்னிடமே கேட்டார். வாடகை வசூலிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வாடகையைக் குறைத்துக்கொண்டேன், அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றுமில்லை. பாதியில் திரும்பிப் போனார்கள். நைஜீரியாவில் மருத்துவச் செலவில் 70 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை நீங்கள் அறிக்கைகளில் படித்திருப்பீர்கள். அதன் முகம் இப்படித்தான் இருக்கும்.

புஹாரி அவர்களே 2016-ல் சொன்னார், அரசு அதிகாரிகள் நாட்டில் பார்க்கக்கூடிய நோய்க்கு வெளிநாடு போய் அரசுப் பணத்தைச் செலவிடுவதை ஊக்குவிக்க மாட்டோம் என்று. அதே ஆண்டு ஜூனில் காதுத் தொற்றுக்காக லண்டன் போனார். 2017-ல் ஒரே மூச்சில் நூறு நாளுக்கு மேல் அங்கேயே இருந்தார். 2021 மார்ச் கடைசியில் உடல் பரிசோதனைக்குக் கிளம்பினார். ஓரிரு நாளில் அவர் நாட்டு அரசு மருத்துவர்கள் சம்பளப் பாக்கி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இதற்கெல்லாம் நடுவே, 2017 அக்டோபரில் அவர் மனைவியே பொதுமேடையில் கேட்டார்: அதிபர் மாளிகை மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரம் வேலை செய்யவில்லை, ஒரு சிரிஞ்சுகூட இல்லை, பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். அதிபர் அங்கேதான் படுக்க வேண்டும் என்றொரு சட்டம் இருந்திருந்தால், அந்த எக்ஸ்ரே இயந்திரம் எத்தனை நாள் பழுதாகக் கிடந்திருக்கும்?

இது ஒருவர் கதை என்று மற்றவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். சாம்பியாவின் அதிபர் லெவி முவனவாசா 2008-ல் பாரிஸில் இறந்தார். அதே நாட்டில் பின்னாளில் அதிபரான மைக்கேல் சாட்டா 2014-ல் லண்டனில். காபோனின் ஓமர் போங்கோ 2009-ல் பார்சிலோனாவில், எத்தியோப்பியாவின் மெலஸ் செனாவி 2012-ல் பிரஸ்ஸல்ஸில். ஜிம்பாப்வேயின் முன்னாள் அதிபர் முகாபே 2019 செப்டம்பரில் சிங்கப்பூரில் இறந்தபோது, அவர் நாட்டு மருத்துவர்கள் சம்பளம் கட்டுப்படியாகாமல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மேற்கத்திய ஆதிக்கத்தை எதிர்த்துச் சிலர் வாழ்நாள் முழுக்க முழங்கினீர்கள், நானும் கைதட்டியிருக்கிறேன். அந்த ஆதிக்கத்தின் மாத்திரைக்கு மட்டும் விலக்கு போலிருக்கிறது.

பணம் மட்டும்தான் வீண் என்றால்கூடப் பரவாயில்லை. 2009 நவம்பரில் நைஜீரிய அதிபர் யார்அதுவா யாரிடமும் பொறுப்பை ஒப்படைக்காமல் வைத்தியத்துக்காக சவூதி அரேபியாவின் ஜெத்தாவுக்குப் போனார். பிப்ரவரியில் நாடாளுமன்றம் தலையிட்டுத் துணை அதிபரைப் பொறுப்பில் அமர்த்தும்வரை நாட்டுக்குத் தலைவர் யார் என்றே தெளிவில்லை. காபோன் அதிபராக இருந்த அலி போங்கோ மொராக்கோவில் பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, 2019 ஜனவரியில் காபோனில் சில ராணுவத்தினர் வானொலி நிலையத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அது தோற்றது. உங்கள் வயிற்றுவலி ஒரு நாட்டின் அரசியல் சாசனச் சிக்கலாக மாறுவது நல்லதா, நீங்களே சொல்லுங்கள்.

கடன் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். உங்களில் பல நாடுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டுகின்றன, அதில் கடன் கொடுத்தவர்களின் பேராசையும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரே கையெழுத்தில் உதவியை நிறுத்தியதும் எய்ட்ஸ் மருந்துக் கூடங்கள் தடுமாறின, அது கொடுமை. பிரிட்டன் நீங்கள் செலவு செய்து படிக்கவைத்த மருத்துவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டு, பிறகு உங்களுக்கு உதவி செய்வதாகப் பெருமையும் பேசுகிறது. நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்கும் ஒரு மடல் எழுத வேண்டும். லண்டனில் உங்கள் நாடித்துடிப்பைப் பார்ப்பவர் லாகோஸில் படித்துவிட்டுச் சம்பளம் வராமல் கிளம்பியவராகவே இருக்கலாம். விமான டிக்கெட்டுக்குக் கொடுத்ததை அவருக்கே கொடுத்திருக்கலாமே!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. 1984-ல் எங்கள் முதலமைச்சர் எம்.ஜி.ஆரை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனோம். ஊரே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது, செலவை யாரும் கேட்கவில்லை. எங்கள் அமைச்சர்களும் உடம்புக்கு ஒன்று என்றால் அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பெரும்பாலும் போகிறார்கள். ஆனாலும் இங்கே ஏழைக்கு ஓர் அரசு மருத்துவமனை, இலவச மாத்திரை என்று ஏதோ இருக்கிறது. உங்களில் ருவாண்டா 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஒன்றுமே மிச்சமில்லாத நிலையிலிருந்து, பெரும்பாலான மக்களைச் சமூக மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்நாட்டு அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் முடியாது என்று மற்றவர்கள் சொல்ல அது இடம் கொடுக்கவில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அரசுப் பணத்தில் வெளிநாட்டு வைத்தியம் வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் படுங்கள். தடை விதிக்க மனம் வராவிட்டால், முதல் படியாக ஒரு கணக்காவது காட்டுங்கள். பிப்ரவரி தோறும் அடிஸ் அபாபாவில் கூடுகிறீர்கள். அபுஜா வாக்குறுதியில் ஒவ்வொரு நாடும் எத்தனை விழுக்காட்டில் நிற்கிறது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதிபர், அமைச்சர்கள், அவர்கள் குடும்பத்தாரின் வெளிநாட்டு மருத்துவத்துக்கு அரசு கொடுத்த தொகையையும் அச்சிட்டு வையுங்கள். நோய் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அது உங்கள் அந்தரங்கம். தொகை மட்டும் போதும். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஆயிரம் விளக்கிலிருந்து ஒரு விடுதிக்காரன்