பெரியப்பாவின் பங்கு

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எங்கள் காணியில் தன் பங்கை விற்கப்போகிறார் என்றதும், "எனக்கு என்னத்துக்கம்மா, வித்துவிடச் சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டாய். கொழும்பு வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாம் விளங்குகிறது. வேண்டாமென்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் என்ன விலை, ஆர் வாங்குகிறார் என்றுகூடக் கேட்காமல் சொன்னதை நான் உன் முடிவாக எடுக்கமாட்டேன்.

அப்பாவும் பெரியப்பாவும் அந்த ஆறு பரப்புக் காணியைப் பிரிக்கவேயில்லை. அப்பாவுக்கு வழிவழியாக வந்த முதுசப் பாதி இப்போது உன்னுடையது. அதனால்தான் முதலில் உன்னைக் கேட்கவேண்டும் என்கிறது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த காலத்துக்கும் முந்திய வழக்கம் அது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலில் வாங்கும் அந்த உரிமையைப் பங்குக்காரருக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் தந்திருக்கிறது.

இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். விற்காதே என்று பெரியப்பாவை மறிக்க உன்னால் ஏலாது. சொந்தமென்று அடிமாட்டு விலைக்கும் கேட்க ஏலாது. வெளியாருக்குச் சொல்லும் விலையை, இல்லாவிட்டால் சந்தை விலையை, நீயும் கொடுக்கவேண்டும். உனக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு எழுதினால் நீ வழக்குப் போடலாம். அறிவித்த பிறகும் பேசாமல் இருந்தால் தவணை கடந்துவிடும், அதன் பிறகு ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

காணி உறுதிப் பத்திரத்தைப் பார், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பிரிக்காத காணிக்குள் புதிதாக ஒருவர் வந்தால், எந்த நேரம் மோட்டார் போடுவது, குழாயை எந்தப் பக்கத்தால் இழுப்பது, வேலிக்கரைப் பனை ஆருக்கு என்று எல்லாவற்றையும் அவரோடு நான்தான் பேசவேண்டும். வருகிறவர் தங்கமான மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அவரோடு பங்குக்கு இருப்பதா என்று யோசிக்கிற முறை முதலில் உன்னுடையது. அதை யோசிக்காமல் விடுகிறாயே என்பதுதான் என் கவலை.

பெரியப்பா நல்ல மனிசன். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகமுன்னமே வாயால் கேட்கிறார். என்னிடம் சொல்லி அனுப்பாதே, நீயே அவரோடு கதை. பிறகு மருமகளோடும் இருந்து யோசி. வாங்குவதென்றால் என் வங்கிக் காசில் கொஞ்சம் தருவேன். வேண்டாமென்றால் அதையும் அவரிடம் நேரே சொல்லு. அப்படியென்றால், நில அளவையாளரைக் கூப்பிட்டுக் காணியைப் பிரித்து, எல்லைக்கல் போட்ட பிறகு விற்கும்படி கேள். கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா