சன்னலுக்கு வெளியே என்ன மரம்?

ஆர்.கே.புரம், புது டெல்லி

அன்புள்ள மீனாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே வந்து, உன் சன்னலுக்கு வெளியே நிற்பது என்ன மரம் என்று கேட்டேன். “தெரியலப்பா, பாக்கல” என்றாய். நீங்கள் இருவரும் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியவில்லை. பகல் பதினொரு மணிக்கும் உன் பின்னால் திரை இழுத்து மூடியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலையைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ நான் கேட்கப்போவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் மரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

பாக்கல என்று சொன்னவள் நீ என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2018 ஜூனில், அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காக சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட ஏற்பாடானபோது, உயர்நீதிமன்றம் தடை விதிக்கும்வரை தெருவில் நின்றவர்களில் நீயும் ஒருத்தி. வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற உன் படத்தை நான் அலுவலகத்தில் காட்டாத ஆள் இல்லை. டெல்லியில் வேம்பு மொட்டையாவது குளிர்காலத்தில் அல்ல, பங்குனியில்தான் என்றும், அதே வாரங்களில் அரசமரம் செம்பு நிறத்தில் துளிர்க்கும் என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் மரப்பொந்திலிருந்து எட்டிப் பார்த்த புள்ளி ஆந்தையைக் கண்டு, பேருந்தையே விட்டுவிட்டு வந்து நின்றாயே. அந்தக் கண் எங்கே போனது?

இங்கே பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் பழைய வேப்பமரத்தில் இந்த ஆண்டும் சாம்பல் இருவாச்சிகள் கூடு வைத்திருக்கின்றன. நம் தோட்டக்காரர் இந்தியில் ‘தனேஷ்’ என்று சொல்வாரே, அந்தப் பறவைதான்; அதே ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் மண்ணாலும் வாசலைத் தானே அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆண் பறவை அத்திப் பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, மரத்தைப் பற்றி நின்று, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தப் பிளவில் ஊட்டுகிறது. உள்ளே இருப்பது என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காலையிலும் மாலையிலும் நான் போய் நிற்கிறேன்; அந்த அலகு நுனி ஒரு கணம் தெரிந்தால் போதும், திரும்பி வந்துவிடுவேன். நேரம் வந்ததும் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு அது தானாகவே வெளியே வரும்.

உன் ஊரைக் குறை சொல்லாதே. பெங்களூரில் ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி பார்த்துப் பார்த்து நட வைத்தவர், லால்பாக்கைக் கவனித்த கிரும்பிகல் என்னும் ஜெர்மானியர். ஜெயநகரில் குடியிருந்துகொண்டு மரம் தெரியாது என்றால் எப்படி ஒப்புக்கொள்வேன்? அன்று உன் திரையின் ஓரத்து இடைவெளியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இந்த மாதத்தில் அது இயல்வாகையாகவோ சரக்கொன்றையாகவோ இருக்கலாம். பூ சரம் சரமாகக் கீழே தொங்கினால் கொன்றை. கொத்து நிமிர்ந்து மேல்நோக்கி நின்றால் இயல்வாகை. இயல்வாகையில் பூவுக்கு நடுவே தட்டையான செம்பு நிறக் காய்களும் இருக்கும். கொன்றையின் காய் நீண்ட உருளையாக இருக்கும். கீழே இறங்கிப் போக வேண்டாம், திரையை விலக்கினாலே தெரியும்.

வெயில் ஏறியதும் “டுக், டுக், டுக்” என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான்; உச்சியில் இலையில்லாத கிளையைத் தேடு. பருந்துகள் எந்தக் கட்டடத்தின் மேல் வட்டமிடுகின்றன என்று பார். கொடியிலோ செடியிலோ தேன்சிட்டு வந்தால் எந்தப் பூவுக்கு வருகிறது என்று பார். தினமும் ஒன்று போதும், மீனா. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்டால் உனக்குச் சலிப்பு வருகிறது, எனக்குப் புரிகிறது. ஆகவே என்ன பார்த்தாய் என்று கேட்கிறேன். அதற்காவது முழு வாக்கியத்தில் பதில் எழுது. முதலில் திரையை விலக்கு.

அம்மா நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். ஜூன் கடைசியில் கர்த்தவ்யப் பாதை ஓரத்து நாவல் மரங்களில் பழம் விழத் தொடங்கும். ஆட்கள் மேலே ஏறி உலுக்க, கீழே தார்ப்பாயை விரித்துப் பிடிப்பார்கள். அப்போது வா. வந்தபின் எத்தனை நாள் இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டோம். டிக்கெட் நான் எடுக்கிறேன்; தேதியையும், அந்த மஞ்சள் பூ தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்பதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா